வாயில தண்ணி வச்சு எழுதின பரீட்சை

இன்னிக்கு லேப்ல என் கை ஏன் அப்படி நடுங்குச்சு, காலையில சாப்பிடலையான்னு கேட்டியே. சாப்பிட்டேன்டி. முட்டை, ரொட்டி எல்லாம் சாப்பிட்டேன். அத்தை ஊட்டிவிடாத குறைதான். பயத்துல நடுங்குச்சு. யார்கிட்டயாவது சொல்லலேன்னா தூங்க முடியாது போல இருக்கு. அதான் உனக்கு எழுதறேன். நீளமா இருக்கும், திட்டாம படி.

எங்க மாமாவை நீ பார்த்திருக்கே. மழை பெஞ்ச அன்னிக்குக் குடையோட கேட்ல நின்னாரே, நீலச் சட்டை, பாக்கெட்ல வரிசையா டெஸ்டர், உங்க டியூஷன் வாத்தியாரான்னு கூட நீ கேட்டே. வாத்தியார் இல்ல, லிப்ட் மெக்கானிக். எங்கப்பாவோட தங்கச்சி புருஷன். அப்பா அம்மாவுக்கு வேற ஊர்ல வேலைங்கறதால நான் இவங்க வீட்டுல தங்கிப் படிக்கிறேன். வீடுன்னா ரெண்டே ரூம். முன்ரூம்ல பாதிய அத்தையோட தையல் மிஷின் பிடிச்சிக்கும். அத்தை கடைகளுக்கு ஜன்னல் ஸ்க்ரீன் தைச்சுக் குடுக்கறாங்க. எங்க பார்த்தாலும் துணி மலை மாதிரி கிடக்கும். அந்த மலைக்கு இந்தப் பக்கம் நான் படிப்பேன், அந்தப் பக்கம் மாமா சாப்பிடுவாரு.

மழை வந்தா லிப்டுக்கெல்லாம் சளி பிடிக்கும்பாரு மாமா. அடியில இருக்கிற குழியில தண்ணி நிக்கும், ஈரம் வயருக்குள்ள ஏறும், கதவு மூடியும் மூடாத மாதிரி லிப்ட் முரண்டு பிடிக்கும். அதனால மழைக்காலத்துல மாமாவுக்கு மூச்சு விட நேரமில்ல. யூனிபாரம் காயவே காயாது. நாற்காலி முதுகுல போட்டு, மிஷின் மேல போட்டு, கடைசியில கேஸ் அடுப்புப் பக்கத்துல போடுவாங்க. வீடு முழுக்க கிரீஸும் ஈரத்துணியும் சேர்ந்த வாசனை. எனக்குப் பழகிடுச்சு. உன் மூக்குக்குத் தாங்காது.

இந்தத் தொல்லைக்கு நடுவுலதான் கம்பெனிக்காரங்க அந்தக் குண்டைப் போட்டாங்க. இனிமே எல்லா மெக்கானிக்கும் ஆன்லைன்ல படிச்சு, ஆன்லைன்லயே பரீட்சை எழுதி, சர்டிபிகேட் வாங்கணும். வாங்காதவங்க ஹெல்பர். ரெண்டு தடவைதான் எழுதலாம். மூணாவது கிடையாது.

மாமா முதல் தடவை எழுதினப்போ எனக்கு எதுவும் தெரியாது. ஆபீஸ் லேப்டாப்பைக் கொண்டுவந்து உள்ரூம்ல வச்சு, கதவைச் சாத்திக்கிட்டு எழுதினாரு. கொஞ்ச நேரத்துல வெளிய வந்துட்டாரு.

"அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?"ன்னு அத்தை கேட்டாங்க.

"முடிச்சிட்டாங்க."

"யாரு?"

"லேப்டாப் கேமரா வழியா கண்காணிக்கிறாங்களே, அந்தக் கேமராக்காரங்க. நான் யார்கிட்டயோ பேசறேனாம். வாய் அசையுதாம். மூணு தடவை எச்சரிக்கை குடுத்துட்டு மூடிட்டாங்க."

"யார்கிட்டப் பேசினீங்க?"

"நான் யார்கிட்ட பேசறது? கேள்வியைப் படிச்சேன்டி!"

மாமாவுக்கு வாய்விட்டுப் படிச்சாத்தான் மண்டையில ஏறும். பேப்பர்ல கிரிக்கெட் ஸ்கோரைக் கூட முணுமுணுத்துத்தான் படிப்பாரு. அதை அந்தக் கேமராவுக்குப் பின்னால உக்காந்திருக்கிற ஆள்கிட்ட எப்படிச் சொல்றது? அத்தைக்கு சிரிப்பு வந்துடுச்சு. மாமா முறைச்சாரு. அத்தை சிரிப்பை அடக்கிக்கிட்டு மிஷினை ஓட விட்டாங்க. தையல் கோணையா போச்சு.

அன்னிலேர்ந்துதான் நான் உள்ள வந்தேன். யாரும் கூப்பிடல. மாமா படிக்கிற லட்சணத்தைப் பார்த்துப் பொறுக்காம வந்தேன். ஒரு கையில சோறு, ஒரு கையில செல். காதுல இயர்போன். வீடியோ அதுபாட்டுக்கு ஓடும். அதுல பேசற பொண்ணு லிப்டை 'மின்தூக்கி'ன்னுவா. மாமா, "யாரும்மா அந்த மின்தூக்கி, எனக்குத் தெரிஞ்சவனா?"ன்னு கேட்டுட்டு அடுத்த வாய் வைப்பாரு. கை கழுவறதுக்குள்ள பாடம் முடிஞ்சு பச்சை டிக் விழுந்துடும். பச்சை டிக் விழுந்தா படிச்சாச்சுன்னு நினைப்பு.

"மாமா, இப்ப அந்தப் பொண்ணு என்ன சொன்னா?"ன்னு ஒரு நாள் கேட்டேன்.

"நல்லாத்தான் சொன்னா."

"என்ன சொன்னா?"

"பாதுகாப்பா இருக்கணும்னா."

"அது எல்லாரும்தான் சொல்வாங்க. வேற?"

மாமா கூரையைப் பார்த்தாரு. "வேற... சுடிதார் நல்லா இருந்துச்சு."

"பார்த்தீங்களா அத்தை?"

"எனக்கென்ன காது கேக்கலையா?"ன்னாங்க அத்தை. "சர்டிபிகேட் வரட்டும், சுடிதாருக்கு அப்புறம் இருக்கு."

நாம பயாலஜிக்குச் செய்வோம்ல, அதைத்தான் செய்யச் சொன்னேன். கொஞ்சமா பாரு, நிறுத்து, செல்லைக் கவுத்து வை, பார்த்ததைச் சொந்த வார்த்தையில யார்கிட்டயாவது சொல்லு. சொல்ல வராத எடம்தான் தெரியாத எடம். அதை மட்டும் திரும்பப் பாரு. அடுத்த நாள் காலையில புதுப் பாடத்துக்கு முன்னாடி நேத்து தப்பு விட்டதை மறுபடி கேளு. மாமா முதல்ல மூக்கால அழுதாரு. "நான் என்ன பிள்ளையா, ஒப்பிக்க?"ன்னாரு. ஆனா மனுஷனுக்குப் பேசப் பிடிக்கும். சொல்லச் சொன்னதும் கதவு, கயிறு, பிரேக், வேகம் மீறினா நிறுத்தற கவர்னர்னு பிச்சு உதற ஆரம்பிச்சிட்டாரு. கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாரு. துணி மலைதான் லிப்ட், ஸ்கேல்தான் கயிறு.

பேசறதுக்கு இது சரி. பரீட்சைக்கு வாய் மூடணுமே? அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சேன். மாதிரித் தேர்வு எழுதறப்போ வாய் நிறைய தண்ணி வச்சுக்கச் சொன்னேன். வாய் அசைஞ்சா தண்ணி ஒழுகும்ல. முதல் நாள் மூணாவது கேள்விக்கே சட்டை நனைஞ்சுபோச்சு. அத்தை துண்டைக் கழுத்துல கட்டிவிட்டாங்க.

"சவரம் பண்ண உக்காந்த மாதிரி இருக்கீங்க"ன்னாங்க.

மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தாரு. அவ்வளவுதான், தைச்சு வச்ச ஸ்க்ரீன் மேலெல்லாம் தண்ணி. அன்னிக்கு ரெண்டு பேரும் பேசிக்கல.

போகப் போக நல்லா வந்துச்சு. ஐம்பத்தஞ்சு, அறுபது, அறுபத்தஞ்சுன்னு மார்க் ஏறுச்சு. எழுபது எடுத்தா பாஸ். அறுபத்தஞ்சுலயே நின்னுச்சு. எந்தக் கேள்வியெல்லாம் போகுதுன்னு தனியா எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே சாதி. 'பழுது பார்க்கும்போது முதலில் என்ன செய்வீர்கள்?' 'கதவுப் பூட்டின் தொடர்பு வேலை செய்யவில்லை என்று சந்தேகம் வந்தால்?' இப்படி. லிப்ட் எப்படி ஓடுதுன்னு கேட்டா சரியா எழுதறாரு. அதுல நீங்க எப்படி வேலை செய்வீங்கன்னு கேட்டா தப்பு.

"மாமா, இதுக்கு ஏன் ரெண்டாவது பதிலை அமுக்கறீங்க? மெயினை அணைச்சிட்டு மீட்டர் வச்சுப் பார்க்கணும்கறதுதான் சரி."

"ரெண்டாவதுதானே செய்யறோம்."

"எது?"

"வயர் வச்சு ஷார்ட் போட்டு ஓட்டிப் பார்க்கறது. எத்தனை வருஷமா அதைத்தானே செய்யறேன். நான் செய்யறதை எழுதினா தப்புங்கறான்."

ஷார்ட் போடறதுன்னா என்னன்னு மாமாவே சொன்னாரு. ஒவ்வொரு மாடிக் கதவுலயும் ஒரு சின்னப் பூட்டு இருக்கு. கதவு மூடியிருந்தாத்தான் அது வழியா கரண்ட் போகும், லிப்ட் நகரும். ஒரு மாடியில அது கெட்டுப்போனா மொத்த லிப்டும் நின்னுடும். எந்த மாடின்னு கண்டுபிடிக்க, ஒரு துண்டு வயரை அந்தப் பூட்டுக்குக் குறுக்கால வச்சிடுவாங்க. கதவு திறந்தே இருந்தாலும் மூடியிருக்குன்னு லிப்ட் நம்பிடும். அது ஓடுச்சுன்னா அந்த மாடிதான் குற்றவாளி.

"அது ஆபத்துன்னு இங்க போட்டிருக்கே மாமா."

"போட்டிருப்பான். பரீட்சைக்கு ஒண்ணு, லிப்ட் ஓடற ஷாஃப்டுக்கு ஒண்ணு. நீ சொல்லு, முதல் பதிலைத்தானே அமுக்கணும்? அமுக்கிடறேன். விடு."

எனக்கு அப்போ சந்தோஷம்தான்டி. மார்க் எழுபத்தஞ்சுக்கு ஏறிடும்ல. அவ்வளவுதான் என் புத்தி ஓடுச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை டபுள் அண்ணன் வந்தாரு. மாமாவோட ஜோடி. எங்க போனாலும் ரெண்டு தடவை சாப்பாடு வாங்கிச் சாப்பிடறதால கம்பெனியில எல்லாரும் டபுள்னு கூப்பிடறாங்க. மாமாவை விட ரொம்பச் சின்னவரு. முதல் தடவையே பாஸ் பண்ணிட்டாரு. மழைகோட்டை உதறிட்டு உள்ள வந்தவரு, மாமா கழுத்துல துண்டைப் பார்த்துட்டு, "என்னண்ணே, அண்ணி மொட்டை அடிக்கப் போறாங்களா?"ன்னாரு.

மாமா வாயில தண்ணி. பேச முடியல. கையால அடிக்கப் போனாரு.

"டீச்சரம்மா, இவ்வளவு கஷ்டமே வேணாம்"னு என்கிட்ட சொன்னாரு டபுள் அண்ணன். "நான் கேள்வியே படிக்கல. நாலு பதில்ல எது நீளமோ அதை அமுக்கு. முக்கால்வாசி அதுதான். அவனுக்கு நல்ல பதிலைச் சுருக்கமாச் சொல்லத் தெரியாது."

"அப்ப உங்களுக்கு எதுவும் தெரியாதா?"

"தெரியாம எப்படி லிப்ட் ஓடுது? போன வாரம் ஒரு எடத்துல என் கால் செருப்பே ஓடிப்போச்சு." சாப்பிட உக்காந்துக்கிட்டே சொல்றாரு. "அண்ணன் கீழ் மாடியில ஷார்ட் போட்டிருக்காரு. வழக்கமா நான் மேல மெஷின் ரூம்ல மெயின் சுவிட்சுகிட்ட நிப்பேன். அன்னிக்குப் பசி, கீழ இறங்கி வந்துட்டேன். கதவு திறந்து கிடக்கு. கேபின் வாசல்ல ஒரு காலை வச்சுக்கிட்டு அண்ணன்கிட்ட சாப்பிடப் போலாமான்னு கேக்கறேன். நாலாவது மாடியில எந்தப் புண்ணியவதியோ பட்டனை அமுக்கிட்டாங்க. சொய்ங்குன்னு கிளம்பிடுச்சு. காலை உருவிட்டேன். செருப்பு மட்டும் நாலாவது மாடிக்குப் போய் இறங்கிச்சு. அந்தம்மா கொண்டுவந்து குடுத்தாங்க பாவம், 'தம்பி இது உங்களுதா'ன்னு!"

டபுள் அண்ணன் சிரிச்சாரு. மாமாவும் தண்ணியை முழுங்கிட்டுச் சிரிச்சாரு. நான்கூட சிரிச்சேன். அத்தை மட்டும் குழம்புக் கரண்டியைத் தூக்கினவங்க அப்படியே நின்னாங்க.

"இதெல்லாம் என்கிட்டச் சொல்லவே இல்லையே"ன்னாங்க.

"செருப்பு போனதையெல்லாம் சொல்லுவாங்களா? அதான் திரும்பி வந்துடுச்சே"ன்னாரு மாமா.

டபுள் அண்ணன் ரெண்டாவது தடவை தட்டை நீட்டினாரு. "எப்படியோ அண்ணி, நம்ம ஜோடி இந்த மாசத்தோட சரி. அண்ணனும் பாஸ் பண்ணிட்டா நான் வேற ஏரியா."

"ஏன்?"

"சர்டிபிகேட் வாங்கினவன் தனியாப் போகலாம்ல. ரெண்டு பேரை எதுக்கு அனுப்பறான்? ஒருத்தன் போதும். அதுக்குத்தானே இந்தப் பரீட்சையே. இல்லேன்னா நம்ம மேல அவ்வளவு பாசமா, காசு கட்டிப் படிக்க வைக்க?"

எனக்கு அப்பதான் உறைச்சுச்சு. நீ யோசிச்சுப் பாரு. இத்தனை நாளா மேல ஒரு ஆள் நின்னதாலதான் மாமாவோட பழக்கம் ஓடியிருக்கு. அந்த ஆள் ஒரு தடவை கீழ வந்ததுக்கே செருப்பு போயிடுச்சு. இனிமே ஆளே கிடையாது. அவரைத் தனியா அனுப்பறதுக்கான படிப்பைத்தான் நான் துண்டு கட்டிச் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன்.

அடுத்த நாள் எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்துச்சு. உன்கிட்டத்தானே சொல்றேன். நாலஞ்சு கேள்விக்குத் தப்பான பதிலைச் சொல்லிக் குடுத்துட்டா? ஃபெயில் ஆயிடுவாரு. ஹெல்பரா டபுள் அண்ணன் பின்னாடியே போவாரு. உயிரோட இருப்பாரு. ஆனா மனுஷன் தினமும் நனைஞ்சுபோய் வந்து, கை கழுவிட்டு, "ஆரம்பி மருமகளே"ன்னு துண்டைத் தானே கட்டிக்கிட்டு உக்காருவாரு. எனக்கு மனசு வரல.

அதனால அத்தையைக் கூப்பிட்டேன்.

"அத்தை, மிஷினைக் கொஞ்சம் நிறுத்துங்க. மாமா உங்களுக்குப் பாடம் சொல்லப் போறாரு."

"எனக்கா? நம்ம வீட்டுக்குப் படியே கிடையாது, எனக்கெதுக்குடி லிப்ட்?"

"தெரியாதவங்ககிட்டச் சொன்னாத்தான் நல்லா மனசுல நிக்கும்."

"ஆமாமா, தெரியாதவங்கன்னா நான்தான்"னு நாற்காலியை இழுத்துப் போட்டாங்க. கையில நூல் பிரிக்க ஒரு ஸ்க்ரீனையும் எடுத்துக்கிட்டாங்க. சும்மா உக்காரத் தெரியாது அவங்களுக்கு.

"எதைச் சொல்லட்டும்?"ன்னாரு மாமா.

"கதவுப் பூட்டு. புத்தகத்துல இருக்கறது வேணாம். நீங்க செய்யறதைச் சொல்லுங்க. முதல்லேர்ந்து."

மாமா சந்தோஷமா ஆரம்பிச்சாரு. "கீழ போய் நிப்பேன். கதவைத் திறப்பேன். பூட்டுல வயரைப் போடுவேன்."

"மெயினை அணைக்க மாட்டீங்களா?"ன்னாங்க அத்தை.

"அது மேல மெஷின் ரூம்ல இருக்கு. ஏழு மாடி, எட்டு மாடி. லிப்ட் ஓடல, படியிலதான் ஏறணும். ஒவ்வொரு மாடிக் கதவுக்கும் ஏறி ஏறி இறங்கினா என் முட்டி என்னத்துக்கு ஆகும்? டபுள் மேல இருப்பான்."

"டபுள் இல்லேன்னா?"

"ஏறாம இருக்கத்தானே வயர் போடறது. சீக்கிரம் முடியும்."

"அந்த வயரை எடுக்க மறந்துட்டா?"

"அங்கதான் உன் புருஷன் புத்தி இருக்கு!" மாமா நெஞ்சைத் தட்டிக்கிட்டாரு. "என் பைக் சாவியை அந்த வயர்லயே கோத்துத் தொங்கவிட்டுடுவேன். சாவி இல்லாம வண்டி எடுக்க முடியுமா? எவன் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன். கம்பெனியிலயே யாருக்கும் இந்த ஐடியா கிடையாது."

எனக்கே ஒரு நிமிஷம் அட, நல்ல ஐடியாவா இருக்கேன்னு தோணுச்சு. அத்தை நூலைப் பிரிச்சுட்டே இருந்தாங்க. நிமிர்ந்து பார்க்கல.

"அது வீட்டுக்குக் கிளம்பறப்போதானே ஞாபகப்படுத்தும்?"

"ஆமா."

"நடுவுல?"

"நடுவுல என்ன?"

"வயர் போட்டுட்டீங்க. கதவு திறந்திருக்கு. திறந்திருக்குன்னு லிப்டுக்குத் தெரியுமா?"

"தெரியாது. மூடியிருக்குன்னு நினைச்சுக்கும்."

"அப்ப மேல யாராவது பட்டனை அமுக்கினா?"

"போகும்."

"நீங்க எங்க இருப்பீங்க?"

மாமா கையை ஸ்கேலுக்கிட்டக் கொண்டுபோனாரு. துணி மலைக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு சந்து இருந்துச்சு, அதுதான் கதவுன்னு முன்னாடி காட்டியிருந்தாரு. அவரோட ஒரு கால் அதுக்குள்ளதான் இருந்துச்சு. குனிஞ்சு அதைப் பார்த்தாரு.

"சொல்லுங்க, எங்க இருப்பீங்க?"

"அங்கதான்"னாரு.

அத்தை ஸ்க்ரீனை மடிச்சு வச்சிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. பாத்திரம் உருளற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுச்சு. மாமா என்கிட்ட, "உங்க அத்தை பரீட்சை எழுதியிருந்தா நூத்துக்கு நூறு"ன்னு சொல்லிப் பார்த்தாரு. நான் சிரிக்கல.

பரீட்சை அன்னிக்கு நானும் அத்தையும் வெளிய வாசப்படியில உக்காந்திருந்தோம். தூறல். அத்தை குடையைப் பிடிச்சுக்கிட்டு, போற வர்ற ஆளையெல்லாம் ஹாரன் அடிக்காதே, சத்தம் போடாதேன்னு கையாட்டிட்டே இருந்தாங்க. பால்காரன் என்ன வீட்டுல குழந்தை தூங்குதான்னு கேட்டான். "ஆமா, பெரிய குழந்தை"ன்னாங்க. மாமா கடைசி நிமிஷம் வரைக்கும் எழுதிட்டு வெளிய வந்தாரு. கன்னம் ரெண்டும் உப்பி இருந்துச்சு. நேரா போய் வாசல் ஓரமா துப்பினாரு. கேமராக்காரனுக்குத் தெரியாம உண்மையாவே தண்ணி வச்சுக்கிட்டு எழுதியிருக்காரு!

எண்பத்திரண்டு மார்க். டபுள் அண்ணனை விட ஏழு அதிகம்.

அத்தை ஸ்வீட் வாங்கிட்டு வந்தாங்க. மாமா சர்டிபிகேட்டை செல்லுல பெருசு பண்ணிப் பண்ணிப் பார்த்தாரு. அப்புறம் யாரும் சொல்லாமலே சூப்பர்வைசருக்கு ஃபோன் போட்டாரு. ஸ்பீக்கர்ல போட்டாரு, எங்களுக்குக் கேக்கட்டும்னு.

"சார், மழை முடியற வரைக்குமாவது டபுளைக் கூட அனுப்புங்க."

"அதுக்குத்தாம்ப்பா உன்னைப் படிக்க வச்சது. இப்ப நீ தனி ராஜா. புதன்கிழமையிலேர்ந்து லிஸ்ட் மாறுது. வாழ்த்துகள்."

அத்தை, "நான் வரேன்"னாங்க.

"எங்க?"

"உங்ககூட. சாப்பாட்டுக் கூடையோட கீழ உக்காந்துக்கறேன். எவனாவது பட்டன்ல கை வச்சான், விரலை ஒடிச்சிடறேன்."

"எட்டு மாடியிலயும் பட்டன் இருக்குடி. எத்தனை கூடை கொண்டுவருவே?"

அத்தைக்குச் சிரிப்பு வந்துச்சா அழுகை வந்துச்சான்னு எனக்குத் தெரியல. நான்தான் சொன்னேன்: "மாமா, கதவைத் தொடறதுக்கு முன்னாடி எனக்கு ஃபோன் பண்ணி, என்ன செய்யப் போறீங்கன்னு வரிசையாச் சொல்லுங்க. இங்க சொல்வீங்களே, அந்த மாதிரி." மாமா சிரிச்சிட்டே, "சரிங்க டீச்சர்"னாரு. விளையாட்டுக்குச் சொல்றாருன்னு நினைச்சேன்.

இன்னிக்குத்தான் அந்தப் புதன்கிழமை. காலையில பையை மாட்டிக்கிட்டுத் தனியா கிளம்பினாரு. அதான் லேப்ல எனக்குக் கை நிக்கல.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செல்லைப் பார்த்தா மாமாகிட்டேர்ந்து ரெண்டு மிஸ்டு கால். காலையில வந்தது. திரும்பப் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியேன்னுச்சு. மறுபடி போட்டேன், அதேதான். அத்தை ஸ்க்ரீன் குடுக்கக் கடைக்குப் போயிருந்தாங்க. டபுள் அண்ணனுக்குப் போட்டா எடுக்கல. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? மாமா சாப்பிட்ட தட்டைக் கழுவினேன். கழுவினதையே மறுபடி கழுவினேன். கை சும்மா இருந்தா ஏதேதோ கண்ணுக்கு முன்னாடி வந்துச்சுடி, எழுத முடியல.

இருட்டுற நேரத்துல வண்டிச் சத்தம் கேட்டுச்சு. மாமா வந்தாரு. நனைஞ்சு, நொண்டி நொண்டி. எனக்கு உயிர் போச்சு.

"கால்ல என்ன மாமா?"

"முட்டி. ஏழு மாடி, நாலு தடவை. உங்க அத்தை எங்க? தைலம் எங்க வச்சிருக்கா?" துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கிட்டாரு. "ஏன் மருமகளே ஃபோனை எடுக்கல?"

"ஸ்கூல்ல இருந்தேன் மாமா. ஃபோன் கொண்டுபோகக் கூடாது."

"அட ஆமால்ல."

"எதுக்குக் கூப்பிட்டீங்க?"

மாமா கீழ உக்காந்தாரு. பேண்ட்டைச் சுருட்டி முட்டியைத் தேய்ச்சாரு. "உன்கிட்டப் பொய் சொல்லல. கீழ நின்னேன். மேல பார்த்தேன். இந்த முட்டியோட எவன் ஏறுவான்னு தோணுச்சு. கை அதுபாட்டுக்குப் பைக்குள்ள போய் வயரை எடுத்துடுச்சு. சாவியைக் கூடக் கோத்துட்டேன். அப்பதான் உனக்குப் போட்டேன். எடுக்கல. மறுபடி போட்டேன். பக்கத்துல அந்த வாட்ச்மேன் வந்து 'என்ன சார் ஆச்சு லிப்டுக்கு'ன்னு கேட்டான். சரி, இவன்கிட்டயாவது சொல்வோம்னு ஆரம்பிச்சேன். கதவைத் திறப்பேன், வயரைப் போடுவேன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். 'அப்ப மேல யாராவது அமுக்கினா சார்?'னு கேட்டான். உங்க அத்தைக்கு அண்ணனா இருப்பான் போல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, படியேறினேன். மெயினை அணைச்சிட்டு இறங்கி, மீட்டர் வச்சுப் பார்த்து, அஞ்சாவது மாடிப் பூட்டுதான்னு கண்டுபிடிச்சேன். அரை மணி வேலைக்கு அரை நாள். சூப்பர்வைசர் மூணு தடவை திட்டிட்டான்."

நான் தைலத்தை எடுத்துக் குடுத்தேன். என் கண்ணைப் பார்த்துட்டு, "ஏய், அழறியா? நான்தான் வந்துட்டேனே"ன்னாரு. அத்தை வந்ததும் எல்லாம் மறுபடி சொன்னாரு, வாட்ச்மேன் மாதிரி நடிச்சுக் காட்டிச் சொன்னாரு. அத்தை அவரு முட்டிக்குத் தைலம் தேய்ச்சிட்டே, "அந்த வாட்ச்மேனுக்கு ஒரு நாள் சாப்பாடு குடுத்து விடணும்"னாங்க.

இதோட முடிஞ்சிருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன். சாப்பிட்டு முடிச்சதும் நாளைக்குப் போற எடம் செல்லுல வந்துச்சு. புதுக் கட்டடம். இன்னும் யாரும் குடி வரல, பெயின்ட் அடிக்கறவங்கதான் மேல இருக்காங்களாம். பன்னெண்டு மாடி. அத்தை முதல்ல கேட்டது, "வாட்ச்மேன் இருக்கானா?" சாயங்காலம்தான் வருவானாம்.

மாமா கிண்டலாவது பண்ணுவாருன்னு பார்த்தேன், பண்ணல. கை கழுவப் போனவரு பாதியில நின்னு கேட்டாரு:

"மருமகளே, உனக்கு இன்டர்வெல் எத்தனை மணிக்கு?"

"பத்தே முக்காலுக்கு மாமா."

"சரி, அது வரைக்கும் கீழ குழித் தண்ணியை எறைச்சிட்டு இருப்பேன்"னுட்டுப் போய்ப் படுத்துட்டாரு. தூங்கிட்டாரு. குறட்டை இங்க வரைக்கும் கேக்குது.

அதனால நாளைக்கு நான் ஃபோனைக் கொண்டுவரப் போறேன். பிடிச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். ஃபோனைப் பிடுங்கிடுவாங்க, அத்தையைக் கூப்பிட்டு விடுவாங்க, மிஸ் எல்லார் முன்னாடியும் கத்துவாங்க. பரவாயில்ல. லேபுக்குப் பின்னாடி அந்தப் பழைய ஸ்டோர் ரூம் இருக்குல்ல, அதுக்குள்ள போயிடறேன். நீ வெளிய கதவுகிட்ட நில்லுடி. மாமா கொஞ்சம் வளவளன்னு பேசுவாரு, நடுவுல ஜோக் வேற அடிப்பாரு, நான் கேள்வி கேக்க வேண்டியதும் இருக்கும். அவர் கடைசி வரைக்கும் சொல்லி முடிக்கணும். அது வரைக்கும் யாரையும் உள்ள விடாதே.